மூன்று பேர் டீமுக்கு மைக்ரோசர்வீஸ் தேவையா?

கேள்வி: வணக்கம் சார். எனக்குச் சேலம் அம்மாபேட்டை. பெங்களூரில் கொஞ்ச காலம் டெஸ்டிங் வேலை பார்த்துவிட்டு, இப்போது இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஊரிலேயே சின்னதாக மென்பொருள் வேலை தொடங்கியிருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் எங்களுக்கு முதல் வேலை கொடுத்திருக்கிறார். பட்டறைகளுக்கு வெள்ளி கொடுத்துக் கொலுசாகத் திரும்ப வாங்கும் கணக்கு, கூலி, பில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொண்டுவர வேண்டுமாம். மைக்ரோசர்வீஸாகச் செய்தால்தான் பின்னால் பெரிதாக்க முடியும், மோனோலித் எல்லாம் பழைய முறை என்கிறான் எங்களில் ஒருவன். எனக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே முழுசாகப் பிடிபடவில்லை. எங்களுக்கு எது சரி? மோனோலித் மட்டும் செய்திருந்தால் நாளைக்கு வேறு வேலைக்குப் போகும்போது மதிப்பிருக்குமா?
- வாசகர், சேலம்

பதில்: தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே அப்ளிகேஷனாகக் கட்டுங்கள். ஒரே டேட்டாபேஸ், ஒரே சர்வர் போதும். ஆனால் உள்ளே இருக்கும் பகுதிகளை முதல் நாளிலிருந்தே ஒழுங்காகப் பிரித்து வையுங்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், உங்கள் நண்பருக்கும் படிக்கக் கொடுங்கள்.

உங்கள் வேலையில் நான்கு பகுதிகள் தெரிகின்றன: வெள்ளி இருப்பு, பட்டறைக் கணக்கு, கூலி, பில். இந்த நான்கும் ஒரே புரோகிராமுக்குள் ஓடி, ஒரே டேட்டாபேஸில் எழுதினால் அது மோனோலித். ஒரு பகுதிக்கு இன்னொரு பகுதியிடம் ஏதாவது தேவைப்பட்டால் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் முடிந்தது. எங்கே ஒரு வரி மாற்றினாலும் முழுவதையும் சேர்த்துத்தான் சர்வரில் ஏற்ற வேண்டும். மைக்ரோசர்வீஸில் அந்த நான்கும் நான்கு தனிப் புரோகிராம்கள். ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றலாம், தனியாக நிறுத்தலாம், வேண்டுமானால் ஒன்றை பைத்தானிலும் இன்னொன்றை ஜாவாவிலும் எழுதலாம். அவை தங்களுக்குள் நெட்வொர்க் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் அதே எச்டிடிபி முறையில் நேராகக் கேட்கலாம், அல்லது ராபிட்எம்க்யூ, காஃப்கா போன்ற ஒரு கியூவில், அதாவது செய்திகளை வரிசையாக வைத்திருந்து கொடுக்கும் மென்பொருளில், செய்தியைப் போட்டுவிட்டுப் போகலாம்.

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. மைக்ரோசர்வீஸ் என்றால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் டேட்டாபேஸ் தனியாக இருக்க வேண்டும். நான்கு புரோகிராமாகப் பிரித்துவிட்டு நான்கும் ஒரே டேபிளில் கை வைத்தால், அந்த டேபிளில் ஒரு பத்தியின் (column) பெயரை மாற்றும் அன்றைக்கு நான்கும் சேர்ந்து விழும். இதை டிஸ்ட்ரிபியூட்டட் மோனோலித் என்பார்கள். இரண்டு முறையின் தொல்லைகளும் இருக்கும், இரண்டில் ஒன்றின் நன்மையும் இருக்காது. மைக்ரோசர்வீஸ் செய்கிறோம் என்று கிளம்பும் சின்ன டீம்கள் பல இங்கேதான் வந்து நிற்கின்றன.

சரி, தனித்தனி டேட்டாபேஸே வைத்துவிடலாமே என்று தோன்றும். உங்கள் வியாபாரியின் கடையில் நடக்கும் ஒரே ஒரு பதிவை எடுத்துப் பார்ப்போம். ஒரு பட்டறைக்காரருக்கு 2 கிலோ வெள்ளி கொடுக்கிறார்கள். கணக்கில் இரண்டு காரியம் நடக்க வேண்டும். கடை இருப்பில் 2 கிலோ குறைய வேண்டும், அந்தப் பட்டறையின் பெயரில் 2 கிலோ ஏற வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸ் போன்ற ஒரு டேட்டாபேஸில் இது ஒரே டிரான்சாக்ஷன். முதல் பதிவு போட்டு இரண்டாவது போடுவதற்குள் கரண்ட் போய்விட்டாலும் கவலையில்லை. மறுபடி சர்வர் எழும்போது பாதியில் நின்றதை டேட்டாபேஸ் தானே தள்ளிவிடும். இதற்காக நீங்கள் எழுத வேண்டியது இரண்டு மூன்று வரிகள்தான்.

இதையே இருப்புக்கு ஒரு சர்வீஸ், பட்டறைக் கணக்குக்கு ஒரு சர்வீஸ் என்று பிரித்து வைத்துப் பாருங்கள். இருப்பு சர்வீஸ் 2 கிலோவைக் கழித்துவிட்டு, பட்டறை சர்வீஸிடம் "இவர் பேரில் ஏற்று" என்று கேட்கிறது. ஐந்து விநாடி ஆகியும் பதில் வரவில்லை, டைம்அவுட். இப்போது அந்தப் பதிவு ஏறியதா, இல்லையா? கேட்டவருக்குத் தெரியாது. கோரிக்கை போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து, ஏறி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபடி கேட்டால் 4 கிலோவாக ஏறிவிடும் ஆபத்து. கேட்காமல் விட்டால் 2 கிலோ யார் கணக்கிலும் இல்லாமல் போகும் ஆபத்து.

இதற்கெல்லாம் தீர்வு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கொடுப்புச் சீட்டுக்கும் மாறாத ஒரு எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் ஏற்றாமல் பழைய பதிலையே திருப்பி அனுப்பும்படி எழுத வேண்டும். பாதியில் நின்றுபோனால், முதலில் கழித்ததை மீண்டும் கூட்டும் எதிர்ப்பதிவு ஒன்றையும் எழுதி வைக்க வேண்டும். இந்த எதிர்ப்பதிவு முறைக்கு சாகா என்று பெயர், 1987-லேயே ஒரு ஆய்வுக் கட்டுரையாக வந்தது. பெரிய அளவு வேலைகளில் இதைச் செய்கிறார்கள். ஆனால் இதில் ஒரு இடம் சறுக்கினால், வாங்காத வெள்ளிக்கு ஒரு பட்டறைக்காரர் கடனாளி ஆவார். அவர் கையில் ஒரு சீட்டு இருக்கும், உங்கள் திரையில் வேறு எண் இருக்கும். கடைக்காரர் திரையைத்தான் நம்புவார். கம்ப்யூட்டர் சொல்கிறது என்றால் எதிர்த்துப் பேச அந்த மனிதரிடம் என்ன இருக்கிறது? அதனால்தான் இந்த விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் வியாபாரியின் தொழிலிலேயே இதற்கு ஒப்பு இருக்கிறது. ஒரே பட்டறையில் கொலுசு முழுவதும் முடிகிறது என்றால் உள்ளே கைமாறும்போது யாரும் எடை போட மாட்டார்கள். கம்பி ஒரு வீட்டில், பற்றவைப்பு ஒரு வீட்டில், மெருகு ஒரு வீட்டில் என்று பிரிந்துவிட்டால், ஒவ்வொரு வாசலிலும் எடை போட்டு, டச் (வெள்ளியின் தூய்மை) பார்த்து, சீட்டு எழுதித்தான் கொடுக்க வேண்டும். வேலை பெருத்து ஆட்கள் நிறையப் பேர் ஆகும்போது அப்படிப் பிரிப்பதில் லாபம் இருக்கிறது. மூன்றே பேர் இருக்கும்போது பிரித்தால், பாதி நாள் எடை போடுவதிலேயே போய்விடும்.

வேகக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரே புரோகிராமுக்குள் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது நானோ விநாடிகளில் முடியும் வேலை. ஒரே டேட்டா சென்டருக்குள் இருக்கும் இன்னொரு சர்வரைக் கேட்டுப் பதில் வாங்க ஏறக்குறைய அரை மில்லி விநாடி ஆகும், அதாவது ஐந்து லட்சம் நானோ விநாடி. ஒரு பில் போட இருபது முறை இப்படிக் கேட்டால் அது கூடிக்கொண்டே போகும். நம்பகத்திலும் இதே கதைதான். மாதத்தில் 99.9 சதவீத நேரம் ஒழுங்காக ஓடும் ஒரு சர்வீஸ் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் படுக்கும். அப்படிப் பத்து சர்வீஸும் சேர்ந்து ஓடினால்தான் ஒரு பில் விழும் என்றால், பெருக்கிப் பாருங்கள், 99 சதவீதம்தான் வரும். மாதத்துக்கு ஏழு மணி நேரம் பில் போட முடியாது.

அப்படியென்றால் பெரிய கம்பெனிகள் ஏன் இதைச் செய்கின்றன? அவர்களுக்குக் காரணம் இருந்தது. அப்போது தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸில் 2008 ஆகஸ்டில் முக்கியமான டேட்டாபேஸ் பழுதாகி, மூன்று நாள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியாமல் போனது. ஒரே இடத்தில் எல்லாம் நின்றுவிடும் அமைப்பு வேண்டாம் என்று கிளவுடுக்கு மாறத் தொடங்கியவர்கள், பழைய அமைப்பை உடைத்து நூற்றுக்கணக்கான சர்வீஸ்களாக்கி, 2016 ஜனவரியில்தான் அந்த வேலையை முடித்தார்கள். அவ்வளவு பணமும் ஆட்களும் இருந்த கம்பெனிக்கே ஏழு வருடம் ஆகியிருக்கிறது. இதை உங்கள் நண்பரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமான காரணம் ஆட்கள். ஒரு நிறுவனத்தில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அவர்கள் கட்டும் மென்பொருளும் அதே வடிவத்தில்தான் அமையும் என்று மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968-இல் எழுதினார். நூறு டீம்கள் ஒரே கோட் (code) தொகுப்பில் வேலை செய்தால், ஒரு டீமின் சின்ன மாற்றத்துக்கு மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான் டீமுக்கு ஒரு சர்வீஸ் என்று பிரிக்கிறார்கள். உங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். காத்திருப்பு என்ற பிரச்சினையே உங்களுக்கு இல்லை.

மோனோலித் பழைய முறை என்பதும் சரியில்லை. மைக்ரோசர்வீஸ் என்ற பேச்சு பரவலானது 2014-இல் மென்பொருள் வல்லுநர்களான ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு. அதே ஃபவுலர் அடுத்த வருடமே, முதலில் மோனோலித்தாகத் தொடங்குங்கள், மைக்ரோசர்வீஸில் வெற்றி பெற்றவர்களில் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் தொடங்கினார்கள் என்று எழுதினார். ஆன்லைன் கடைகள் நடத்த உதவும் ஷாப்பிஃபை இன்றைக்கும் தன் மையமான வேலையை ஒரே பெரிய அப்ளிகேஷனில்தான் ஓட்டுகிறது, உள்ளே பகுதி பகுதியாகப் பிரித்து. அமேசான் பிரைம் வீடியோவில் படமும் ஒலியும் சரியாக ஓடுகின்றனவா என்று கண்காணிக்கும் ஒரு கருவியைப் பல துண்டுகளாகக் கட்டியிருந்தார்கள். அதை ஒரே புரோகிராமாகச் சேர்த்தபோது செலவு 90 சதவீதம் குறைந்ததாக 2023-இல் அந்த டீமே எழுதியது. பிரைம் வீடியோ முழுவதும் மோனோலித் ஆகிவிட்டது என்று இதைப் பலர் திரித்துச் சொன்னார்கள், அப்படி இல்லை. அந்த ஒரு வேலைக்கு எது பொருந்தும் என்று பார்த்து மாற்றினார்கள், அவ்வளவே.

உங்கள் வேலைக்கு வருவோம். கடையில் ஒரு நாளைக்கு ஆயிரம் சீட்டு விழுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் அரை நிமிடத்துக்கு ஒன்று. மாத வாடகைக்கு எடுக்கும் ஒரு சிறிய கிளவுட் மெஷினுக்கு இது வேலையே இல்லை. தீபாவளிக்கு முன்னால் பத்து மடங்கு ஆனாலும் தாங்கும்.

மோனோலித்துக்கும் குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். மாதக் கடைசியில் கடைக்காரர் எல்லாப் பட்டறைகளின் கணக்கையும் ஒரே அறிக்கையாகக் கேட்பார். அது ஓடும் நேரத்தில் பில் கவுன்டர் திணறும். அறிக்கைப் பகுதியில் மெமரி நிரம்பி விழுந்தால் பில்லும் சேர்ந்து விழும். இதற்காகச் சர்வீஸாகப் பிரிக்கத் தேவையில்லை. அதே புரோகிராமை இன்னொரு தனிப் பிராசஸாகப் பின்னணியில் ஓடவிட்டு, அறிக்கை வேலைகளை அங்கே தள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய குறை, நாளாக நாளாக எல்லாப் பகுதியும் எல்லாப் பகுதியிலும் கை வைக்கத் தொடங்கிவிடும் என்பது. மோனோலித்துக்குக் கெட்ட பெயர் வந்ததே இதனால்தான். உதாரணத்துக்கு, கூலி போட ஒரு பட்டறை இந்த வாரம் எவ்வளவு எடை கொண்டுவந்தது என்று தெரிய வேண்டும். அவசரத்தில் கூலிப் பகுதியிலிருந்து பட்டறைக் கணக்கின் டேபிளை நேராகவே படித்துவிடுவீர்கள். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்து அந்த டேபிளை மாற்றும்போது கூலி தப்பாக வரும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. எனவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியின் டேபிளை இன்னொரு பகுதி படிக்கவே கூடாது. பட்டறைக் கணக்குப் பகுதி, பட்டறையையும் தேதியையும் கொடுத்தால் எடையைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை வெளியே வைக்க வேண்டும், கூலிப் பகுதி அதைத்தான் கூப்பிட வேண்டும். போஸ்ட்கிரெஸில் பகுதிக்கு ஒரு ஸ்கீமா, அதாவது டேபிள்களைச் சேர்த்து வைக்கும் தனிப் பெயருள்ள பிரிவு, வைத்தால் யார் எல்லை தாண்டுகிறார்கள் என்று உடனே தெரியும். ஒருவர் எழுதிய கோட்-ஐ இன்னொருவர் பார்க்கும்போது இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இப்படி ஒழுங்காக வைத்த ஒரே அப்ளிகேஷனுக்கு மாடுலர் மோனோலித் என்று பெயர். உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

எல்லையை எங்கே போடுவது என்பது தொழிலோடு பழகப் பழகத்தான் தெரியும். சேதாரத்தைப் பட்டறைக் கணக்கில் வைப்பதுதான் இயல்பு என்று இன்றைக்கு உங்களுக்குத் தோன்றலாம். கொஞ்ச நாளில், டிசைனுக்கு டிசைன் சேதாரம் மாறுகிறது, கூலியும் அதோடு சேர்ந்தே மாறுகிறது என்று தெரியவந்தால், இரண்டையும் டிசைன் விலைப்பட்டியல் பக்கம் கொண்டுபோகத் தோன்றும். ஒரே அப்ளிகேஷனில் அது ஒன்றிரண்டு நாள் வேலை. தனித்தனி சர்வீஸாக இருந்தால் ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்குப் பழைய பதிவுகளை நகர்த்த வேண்டும், இரண்டு பக்கமும் ஏபிஐயை (சர்வீஸ்கள் ஒன்றையொன்று கேட்கும் முறையை) மாற்ற வேண்டும், மாறும் வரைக்கும் இரண்டையும் ஓட்ட வேண்டும். தொழில் புரிவதற்கு முன் போட்ட எல்லையை அழித்துப் போடுவது அவ்வளவு கஷ்டம். சின்ன டீமுக்கு மைக்ரோசர்வீஸ் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு டிரான்சாக்ஷனுக்கு அடுத்த பெரிய காரணம் இதுதான்.

பின்னால் எப்போது பிரிக்கலாம்? நீங்கள் பதினைந்து பேராகி, இரண்டு குழுவாகி, ஒரு குழு ஏற்றுவதற்கு இன்னொரு குழு காத்திருக்கும்போது யோசியுங்கள். ஒரு பகுதிக்கு மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு சுமை வரும்போதும் யோசியுங்கள். அப்போதும் வெள்ளிக் கணக்கை முதலில் வெளியே எடுக்காதீர்கள். டிசைன் படங்களைச் சிறிதாக்குவது, வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது மாதிரி வேலைகளை முதலில் எடுங்கள். அவை ஒரு மணி நேரம் நின்றாலும் யாருடைய வெள்ளியும் தொலையாது.

வேலை மதிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானது. இன்டர்வியூவில் மைக்ரோசர்வீஸ் பற்றிக் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அதில் கேட்கப்படும் கடினமான விஷயங்கள் எல்லாம் இந்த வேலையிலேயே உங்களைத் தேடி வரும். உங்கள் வியாபாரியின் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால், 2023 ஆகஸ்ட் 1 முதல் அவர் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்களை ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் பதிந்து ஐஆர்என் என்ற பதிவு எண் வாங்க வேண்டும். 64 எழுத்துள்ள எண் அது. அந்தப் போர்ட்டல் உங்கள் கையில் இல்லாத இன்னொரு சர்வீஸ்தானே? சில நேரம் பதில் தாமதமாகும், சில நேரம் வரவே வராது. மறுபடி அனுப்பினால் அதே ஜிஎஸ்டி பதிவு எண் (ஜிஎஸ்டிஐஎன்), அதே பில் எண், அதே நிதியாண்டு என்பதால் ஏற்கனவே பதிவானது என்று தள்ளிவிடும். அப்போது பிழை என்று திரையில் காட்டாமல், முன்பு கொடுத்த எண்ணைக் கேட்டு வாங்கிப் பில்லில் ஏற்ற வேண்டும். கடைக்காரர் காத்திருக்காதபடி பில்லை முதலில் சேமித்துவிட்டு, பதிவுக் கோரிக்கையைக் கியூவில் வைத்துப் பின்னணியில் அனுப்ப வேண்டும். எத்தனை முறை முயற்சிப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது, கடைசியில் யாருக்குத் தகவல் சொல்வது என்று எல்லாவற்றையும் யோசித்தாக வேண்டும். இதை நீங்களே எழுதி ஓடவிட்டிருந்தால், நான்கு சர்வீஸை டாக்கரில் (புரோகிராம்களைத் தனித்தனிப் பொட்டலமாக ஓட்டும் கருவி) ஓட்டிக் காட்டியவரைவிட உங்களால் ஆழமாகப் பதில் சொல்ல முடியும். ஏன் பிரிக்கவில்லை என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவரை நான் இன்டர்வியூ எடுத்தால் விடமாட்டேன்.

உங்கள் நண்பரின் ஆர்வத்தையும் அணைத்துவிடாதீர்கள். பல டாக்கர் பொட்டலங்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸில் இரண்டு சின்ன சர்வீஸ்களை ஓடவிட்டு, நடுவில் ஒன்றை நிறுத்தி, என்ன ஆகிறது என்று விடுமுறை நாட்களில் மூன்று பேரும் சேர்ந்து பாருங்கள். அப்படிப்பட்ட பொட்டலங்களைப் பல சர்வர்களில் நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸையும் அங்கேயே பழகுங்கள். வாடிக்கையாளரின் கணக்கில் மட்டும் பழக வேண்டாம்.

கோட் எழுதும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். பட்டறைக்காரர்கள் கொலுசு கொண்டுவரும் நேரத்தில் கடையில் போய் உட்கார்ந்து, இப்போது சீட்டு எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். எடை ஒத்துவராதபோது என்ன செய்கிறார்கள், பாதி மட்டும் கொண்டுவந்தால் எப்படி எழுதுகிறார்கள், தப்பாக எழுதியதை அடிக்கிறார்களா, எதிர்ப்பதிவு போடுகிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடித்தல் உங்கள் மென்பொருளில் இருக்கவே கூடாது, திருத்தம் எல்லாம் எதிர்ப்பதிவாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம், ஒரே டேட்டாபேஸ் என்றால் அது போனால் எல்லாம் போயிற்று என்று அர்த்தம். தினமும் இரவு பேக்கப் எடுத்து வேறு ஊரில் இருக்கும் சர்வருக்கு அனுப்புங்கள். மாதம் ஒரு தடவை அந்தப் பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றி, ஏதாவது ஒரு பட்டறையின் பாக்கியைக் கடை நோட்டோடு ஒத்துப் பாருங்கள்.